நரம்பின் கதை – 7: செருப்பு நழுவியது தெரியாத கால்

அப்பா அன்று பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்து முடித்தார். அம்மாதான் முதலில் கவனித்தாள்.

"இடது கால் செருப்பை எங்க விட்டீங்க?"

அப்பா குனிந்து பார்த்தார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. செருப்பு எங்கே கழன்றது என்று அவருக்குத் தெரியவில்லை. சித்திரை மாத வெயிலில் கொதித்த தார்ச்சாலையில் ஒரு காலை வெறுங்காலாக ஊன்றி நடந்து வந்திருக்கிறார். உள்ளங்காலில் பெரிய கொப்புளம். வலிக்கிறதா என்று கேட்டேன். "ஒண்ணும் தெரியலயே" என்றார்.

பதினைந்து வருஷமாக அவருக்குச் சர்க்கரை. கால் நரம்புகள் பாதிக்கப்பட்டிருக்கின்றன என்று டாக்டர் சொன்னார். அன்று இரவு அப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர் முப்பது வருஷம் லைன்மேனாக இருந்தவர். எதையும் கம்பம், கம்பி, கரண்டாகத்தான் யோசிப்பார்.

"ஏல, லைன்ல கரண்ட் இருக்கு. கடைசிக் கம்பத்துல மட்டும் வரல. அப்படித்தான? வயர் எங்கல கட்டாச்சு?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் சரியான பதில் இல்லை. இந்தத் தொடரை எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இந்த வாரம் முழுவதும் அவருக்கான பதில்தான்.

மாம்பழமும் கயிறும்

சென்ற வாரம் கோல்ஜி கண்டுபிடித்த கறுப்புச் சாயத்தையும், அதைக் கொண்டு ஸ்பெயின் நாட்டின் ரமோன் இ கஹால் வரைந்த நரம்பு செல் படங்களையும் பார்த்தோம். அந்தப் படங்களிலிருந்து மூன்று உறுப்புகளை மட்டும் இப்போது நினைவில் கொள்வோம். செல்லின் உடல் ஒன்று. அதைச் சுற்றிக் கிளை கிளையாகப் பிரிந்து செய்தியை வாங்கும் டெண்ட்ரைட்டுகள் இரண்டாவது. செய்தியைத் தொலைவுக்குக் கொண்டுசெல்லும் ஒற்றை நீள இழையான ஆக்சான் மூன்றாவது. தொடு உணர்வைக் கொண்டுவரும் செல்லில் இந்த அமைப்பு சற்று மாறியிருக்கும். அதன் உடல் முதுகுத்தண்டை ஒட்டி உட்கார்ந்திருக்க, அதன் நீண்ட இழை தோல்வரை போய் அங்கிருந்து சேதியை வாங்கி வரும்.

கால் பெருவிரலின் தொடு உணர்வைச் சுமக்கும் செல்லின் உடல் இருப்பது இடுப்புக்குப் பின்னால். அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான். ஆனால் அதிலிருந்து விரல் நுனிவரை போகும் இழையின் நீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர். அந்தச் செல் உடலை ஒரு பெரிய மாம்பழம் அளவுக்குப் பெருக்கினால், அதிலிருந்து விரல் பருமனில் ஒரு கயிறு இரண்டு கிலோமீட்டர் தூரம் போகும். அவ்வளவும் ஒரே செல்.

இந்தக் கயிற்றைக் கம்பி என்று நினைப்பது இயல்பு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், இத்தாலியின் பொலோன்யாவில் கால்வானி தவளைக் காலை மின்சாரத்தால் துடிக்க வைத்தார். நரம்பில் ஓடுவது மின்சாரம் என்ற எண்ணம் அதிலிருந்து வேர்விட்டது. ஆனால் 1850இல் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளை நரம்பில் செய்தி ஓடும் வேகத்தை அளந்தபோது எல்லோரும் திகைத்தார்கள். விநாடிக்குச் சுமார் 27 மீட்டர். கம்பியில் மின்சாரம் பாயும் வேகத்தோடு ஒப்பிட்டால் இது நத்தை வேகம்.

லைன்மேனுக்கு இன்னொரு விஷயமும் தெரியும். லைன் நீள நீளக் கடைசிக் கம்பத்தில் வோல்டேஜ் குறையும். டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்து வீட்டில் பல்பு பளிச்சென்று எரியும்போது கடைசி வீட்டில் மின்விசிறி முனகும். செம்புக்கும் அலுமினியத்துக்குமே இந்தக் கதி. நரம்பிழையோ உப்பு நீர் நிரம்பிய மெல்லிய குழாய். சுவரும் கசியும். அதில் ஒரு மின்துடிப்பைச் செலுத்தி அப்படியே விட்டுவிட்டால் சில மில்லிமீட்டருக்குள் தேய்ந்து போகும். மெல்லிய இழையில் அதற்கும் முன்பே அடங்கிவிடும். கால்விரலின் சேதி கணுக்காலைக்கூடத் தாண்டாது.

ஆனால் சேதி முழு வலுவோடு முதுகுத்தண்டுக்கு வந்து சேர்கிறது. எப்படி?

பிளைமவுத்தில் ஒரு கணவாய்

விடையைக் கொடுத்தது ஓர் ஊசிக் கணவாய்.

ஆபத்து வந்தால் கணவாய் உடலைச் சட்டென்று சுருக்கி, உள்ளே இருக்கும் நீரைப் பீய்ச்சி அடித்துப் பின்னோக்கிப் பாயும். உடல் முழுக்க ஒரே கணத்தில் சுருங்க வேண்டும். அதற்கு வேகமான நரம்பு வேண்டும். இழை தடித்தால் வேகம் கூடும். அதனால் கணவாயின் உடலில் அரை மில்லிமீட்டர், சிலவற்றில் ஒரு மில்லிமீட்டர்வரைகூடப் பருத்த நரம்பிழைகள் இருக்கின்றன. நம்முடைய இழைகளில் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டாதவை. ஆங்கிலேய விலங்கியலாளர் ஜே.இசட். யங் 1936இல் இந்தப் பேரிழையின் அருமையை உலகுக்கு எடுத்துச் சொன்னார். நரம்பின் உள்ளே கருவியை நுழைத்துப் பார்க்கும் வாய்ப்பு அப்போதுதான் பிறந்தது.

1939 ஆகஸ்ட். இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் பிளைமவுத் கடலுயிரியல் ஆய்வகம். கேம்பிரிட்ஜிலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்திருந்தார்கள். ஆலன் ஹாட்ஜ்கினுக்கு 25 வயது. ஆண்ட்ரூ ஹக்ஸ்லிக்கு 21. முதலில் அவர்கள் செய்ய நினைத்தது சாதாரண சோதனை. இழையைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, உள்ளே பாதரசத் துளிகளை விட்டு, அவை எவ்வளவு வேகத்தில் இறங்குகின்றன என்று பார்ப்பது. துளிகள் இறங்கவே இல்லை. உள்ளே இருந்தது நீர்மம் இல்லை, பிசினைப் போன்ற கூழ். சோதனை தோற்றது. ஆனால் இழை செங்குத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் வாய் வழியாக ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயை நேராக இறக்கினால் என்ன என்று தோன்றியது. சுவரை உரசாமல் இறங்குகிறதா என்று இரு பக்கமிருந்தும் பார்க்கச் சிறு கண்ணாடிகளை வைத்தார்கள். இறக்கினார்கள்.

ஓய்விலிருக்கும் நரம்பின் உட்புறம் வெளிப்புறத்தைவிட எதிர்மின் நிலையில் இருக்கும் என்று அவர்களுக்கு முன்பே தெரியும். ஜெர்மனியின் ஜூலியஸ் பெர்ன்ஸ்டைன் 1902இல் கொடுத்த விளக்கம்தான் அப்போது வேதவாக்கு. நரம்பு துடிக்கும்போது சவ்வு ஒரு கணம் எல்லா அயனிகளுக்கும் திறந்துவிடும், அதனால் உள்ளும் புறமும் சமமாகி மின்னழுத்தம் பூஜ்யத்துக்கு வரும் என்றார் அவர். ஆனால் திரையில் தெரிந்த கோடு பூஜ்யத்தோடு நிற்கவில்லை. அதைத் தாண்டி, நேர்மின் பக்கம் சுமார் 40 மில்லிவோல்ட் ஏறிவிட்டுத்தான் இறங்கியது. கதவைத் திறந்துவிட்டால் தண்ணீர் சமமட்டத்தில் நிற்க வேண்டும். மேலே ஏறியது என்றால் ஏதோ ஒன்று தள்ளுகிறது.

அது என்ன என்று தேட அவகாசம் இல்லை. ஆகஸ்ட் 30 அன்று இருவரும் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். செப்டம்பர் 1 அன்று ஹிட்லரின் படை போலந்துக்குள் நுழைந்தது. ஹாட்ஜ்கின் விமான ரேடார் வேலைக்குப் போனார். ஹக்ஸ்லி பீரங்கி இலக்குக் கணக்குகளுக்குப் போனார். 1941 குண்டுவீச்சில் பிளைமவுத் நகரமும் அந்த ஆய்வகமும் சேதமடைந்தன. அந்தக் கேள்வி மட்டும் இருவர் மனதிலும் எட்டு வருஷம் காத்திருந்தது.

உப்பின் வேலை

1947இல் ஹாட்ஜ்கின் மறுபடி பிளைமவுத்துக்கு வந்தார். இம்முறை அவரோடு பெர்னார்ட் காட்ஸ். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி லண்டனுக்கு வந்த யூத இளைஞர் அவர். போரின்போது ஆஸ்திரேலிய விமானப்படையில் ரேடார் அதிகாரியாக இருந்தவர். இருவரும் செய்த சோதனை எளிமையானது. கணவாய் நரம்பைச் சூழ்ந்திருக்கும் கடல்நீரில் உப்பைக் குறைத்து, ஈடுகட்டச் சர்க்கரைக் கரைசலைச் சேர்த்தார்கள். உப்பு குறையக் குறையத் துடிப்பின் உச்சியும் தாழ்ந்தது. கடல்நீரைத் திரும்ப ஊற்றினால் உச்சி பழைய இடத்துக்கு ஏறியது. தள்ளியது எது என்று தெரிந்துவிட்டது. உப்பிலிருக்கும் சோடியம்.

நரம்பு செல்லுக்கு வெளியே சோடியம் அதிகம், உள்ளே குறைவு. பொட்டாசியம் இதற்கு நேரெதிர். நடுவில் இருப்பது ஒரு கொழுப்புச் சவ்வு. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதன் இரு பக்கமும் ஓய்வில் சுமார் 70 மில்லிவோல்ட் வித்தியாசம். டார்ச் பேட்டரி தருவதில் இருபதில் ஒரு பங்கு என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம். அத்தனை மெல்லிய சுவரின் இரு பக்கமும் இருக்கும் அழுத்தம் அது. ஒரு மீட்டருக்கு என்று கணக்கிட்டால் ஏறத்தாழ ஒரு கோடி வோல்ட் வரும். 11,000 வோல்ட் லைனைக் கண்டு ஒதுங்கி நிற்கும் நாம், அதைவிடக் கடுமையான மின்புலத்தை ஒவ்வொரு நரம்பிலும் சுமந்துகொண்டிருக்கிறோம்.

சவ்வில் நுண்ணிய வாயில்கள் உண்டு. புரதத்தால் ஆனவை. சோடியத்துக்குத் தனி வாயில், பொட்டாசியத்துக்குத் தனி வாயில். மின்னழுத்தத்தை உணர்ந்து தாமே திறந்து மூடுபவை. ஓரிடத்தில் அழுத்தம் 70இலிருந்து 55 மில்லிவோல்ட் அளவுக்குத் தளர்ந்தால் போதும், சோடியம் வாயில்கள் திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய்கிறது. பாயப் பாய அழுத்தம் இன்னும் மாறுகிறது. அதனால் இன்னும் பல வாயில்கள் திறக்கின்றன. ஒரு மில்லி விநாடிக்குள் உட்புறம் நேர்மின்னாகிவிடுகிறது. உடனே சோடியம் வாயில்கள் தாழிட்டுக்கொள்கின்றன. சற்றுத் தாமதமாகத் திறக்கும் பொட்டாசியம் வாயில்கள் வழியே பொட்டாசியம் வெளியேறி, பழைய நிலையைத் திருப்பிக் கொடுக்கிறது. ஒரு துடிப்பு முடிந்தது.

அதற்குள் பக்கத்து இடத்தில் அழுத்தம் தளர்ந்துவிட்டது. அங்கே இதே நாடகம் புதிதாகத் தொடங்குகிறது. பிறகு அதற்கடுத்த இடம். பின்னால் இருக்கும் வாயில்கள் இன்னும் தாழிட்டே கிடப்பதால் துடிப்பு திரும்பி வராது, முன்னோக்கித்தான் போகும்.

அடுத்த மண்டபத்து மணி

இதை அப்பாவுக்குச் சொல்ல எனக்குக் கைகொடுத்தது எங்கள் பக்கத்துக் கதை. திருச்செந்தூர் முருகனுக்கு உச்சிகாலப் பூசை முடிந்த பிறகே கட்டபொம்மன் சாப்பிட உட்காருவாராம். அதற்காகத் திருச்செந்தூரிலிருந்து பாஞ்சாலங்குறிச்சிவரை வழிநெடுக மண்டபங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மணி. கோயில் மணி அடித்ததும் முதல் மண்டபத்துக்காரர் அடிப்பார். அது கேட்டதும் அடுத்தவர் அடிப்பார். தெற்குச் சீமையில் பாட்டிமார் சொல்லிவரும் கதை இது.

அந்தச் சங்கிலியில் கோயில் மணியின் ஓசை பாஞ்சாலங்குறிச்சிக்குப் பயணம் செய்யவில்லை. முதல் மண்டபத்தோடு அது தேய்ந்துவிட்டது. போய்ச் சேர்ந்தது சேதி மட்டும். ஒவ்வொரு மண்டபத்திலும் ஒரு மனிதர் தன் சொந்தக் கையால் புதிதாக அடிக்கிறார். அதனால்தான் கடைசி மணியும் முதல் மணியின் அதே வலுவோடு ஒலிக்கிறது.

"நரம்பும் அப்படித்தாம்ப்பா. வயர் இல்ல. வழியெல்லாம் மணி" என்றேன்.

மணியை மெதுவாக அடிப்பது, பலமாக அடிப்பது என்பதும் நரம்பில் கிடையாது. அடித்தால் முழு மணி, இல்லையேல் மௌனம். லேசாகத் தொட்டால் விநாடிக்குச் சில துடிப்புகள். அழுத்தினால் பல துடிப்புகள். கேம்பிரிட்ஜின் எட்கர் ஏட்ரியன் 1920களில் தனித்தனி நரம்பிழைகளின் துடிப்பைப் பதிவு செய்து இதைக் காட்டினார். 1932இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். உலகத்தின் அத்தனை மென்மையும் வன்மையும் எண்ணிக்கையாகத்தான் நமக்குள் நுழைகிறது.

ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் அதோடு நிற்கவில்லை. வாயில்கள் திறந்து மூடும் வேகத்தை அளந்து சமன்பாடுகளாக எழுதினார்கள். அவை சரி என்றால் நரம்பில் துடிப்பு ஓடும் வேகம் கணக்கிலிருந்தே வர வேண்டும். கேம்பிரிட்ஜின் கணினி அப்போது மாற்றியமைக்கும் வேலைக்காக நிறுத்தப்பட்டிருந்தது. ஹக்ஸ்லி கையால் சுற்றும் பிரன்ஸ்விகா கணக்கு இயந்திரத்தை எடுத்துவைத்துக்கொண்டு வாரக்கணக்கில் சுற்றினார். வந்த விடை விநாடிக்கு 18.8 மீட்டர். நிஜக் கணவாய் நரம்பில் அளந்தது 21.2 மீட்டர். உயிருள்ள ஒன்றின் நடத்தையைக் காகிதத்தில் இவ்வளவு நெருக்கமாகத் தொட்டதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கிறது. 1952இல் அந்தக் கட்டுரைகள் வெளிவந்தன. 1963இல் ஜான் எக்கிள்ஸுடன் சேர்த்து இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

1961இல் பிளைமவுத்தில் இன்னொரு சோதனை. ஹாட்ஜ்கின், பேக்கர், ஷா மூவரும் கணவாய் நரம்பிழையின்மேல் சிறு ரப்பர் உருளையை ஓட்டி, பற்பசையைப் பிதுக்குவதுபோல் உள்ளே இருந்த கூழை வெளியேற்றினார்கள். காலியான உறைக்குள் பொட்டாசியம் உப்புக் கரைசலை நிரப்பினார்கள். நரம்பு மறுபடி துடித்தது. மணிக்கணக்கில் துடித்தது. அத்தனை மணிகளும் இருந்தது அந்த மெல்லிய சவ்வில்தான்.

பல் பிடுங்கும் முன் டாக்டர் போடும் மரத்துப்போகும் ஊசி அடைப்பது இந்தச் சோடியம் வாயில்களைத்தான். உடலை உப்பிக்கொள்ளும் பேத்தை மீனின் நஞ்சு கொல்வதும் இவற்றை அடைத்துத்தான். மூச்சுத் தசைகளுக்குச் சேதி போவது நிற்கிறது, மூச்சும் நிற்கிறது.

விலகி நிற்கும் மண்டபங்கள்

வேகத்துக்காகக் கணவாய் இழையைத் தடிமனாக்கியது. நம் உடலில் அதற்கு இடமில்லை. நாம் எடுத்த வழி வேறு. நம் பெரிய நரம்பிழைகளைச் சுற்றி மையலின் என்ற கொழுப்புறை சுருள் சுருளாகப் போர்த்தியிருக்கிறது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டருக்கு ஒருமுறை சிறு இடைவெளி. ரான்வியர் கணு என்று அதற்குப் பெயர். மணிகள் அங்கே மட்டும்தான். உறை கசிவைத் தடுப்பதால் ஒரு மண்டபத்து ஓசை அடுத்ததற்குச் சட்டென்று எட்டுகிறது. மண்டபங்கள் குறைந்தால் தாமதமும் குறையும். கணவாய் இழையைவிடப் பல மடங்கு மெலிந்த நம் இழைகளில் சேதி விநாடிக்கு 100 மீட்டர் வேகத்தைக்கூடத் தொடுகிறது.

எல்லா இழைகளுக்கும் இந்த உறை இல்லை. வாசற்படியில் கால்விரலை இடித்துக்கொண்ட அனுபவம் எல்லோருக்கும் உண்டு. இடித்தது உடனே தெரியும். "ஐயோ, இனி வலிக்கப் போகிறதே" என்று நினைக்கக்கூட நேரம் இருக்கும். பிறகுதான் அந்த ஆழ்ந்த வலி வந்து சேரும். தொடுகை உறையிட்ட இழையில் விநாடியின் ஐம்பதில் ஒரு பங்கில் முதுகுத்தண்டை அடைந்துவிட்டது. ஆழ்ந்த வலி உறையில்லாத மெல்லிழையில், விநாடிக்கு ஒரு மீட்டர் என்று நடந்து வருகிறது.

முழித்திருப்பவனுக்குச் சோறு

மண்டபக் கதையைக் கேட்டுவிட்டு அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்.

"அப்போ ஒவ்வொரு மண்டபத்துலயும் ஆளு முழிச்சே இருக்கணும்லா? முழிச்சிருக்கவனுக்குச் சோறு போடணும்லா?"

நான் படித்த புத்தகங்கள் எதுவும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் சோடியம் உள்ளே வந்துவிடுகிறது. கொஞ்சம் பொட்டாசியம் வெளியே போய்விடுகிறது. அதை மறுபடி சரிசெய்யாவிட்டால் ஒருநாள் மணி அடிக்க வலு இருக்காது. சவ்வில் இதற்கென்றே ஒரு பம்ப் இருக்கிறது. டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ 1957இல் நண்டுக் கால் நரம்பிலிருந்து அதைக் கண்டுபிடித்தார். 1997இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. ஒரு சுற்றுக்கு மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்று செலவாகும். நாம் தூங்கும்போதும் அது ஓடும். உடல் எடையில் 2 சதவீதமே இருக்கும் மூளை உடலின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைக் கேட்பதற்கு இந்தப் பம்புகளும் முக்கியக் காரணம். நரம்பின் ஓய்வு என்பது சும்மா கிடப்பது இல்லை. மணிக்கயிற்றைக் கையில் பிடித்தபடி, காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது.

கம்பி பட்டினி கிடக்காது. நரம்பு கிடக்கும். கால்விரல்வரை நீளும் இழைக்கு வேண்டிய புரதங்கள் பெரும்பாலும் இடுப்பருகே இருக்கும் செல் உடலில்தான் தயாராகின்றன. அங்கிருந்து இழைக்குள்ளேயே சுமந்து வரப்பட வேண்டும். மெதுவாகப் போகும் சரக்கு நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் நகரும். பாதத்தை அடைய ஒன்றரை வருஷம் முதல் மூன்று வருஷம்வரை ஆகும். இழைகளுக்கு ஆக்சிஜன் கொண்டுவருபவை மயிரினும் மெல்லிய ரத்தக்குழாய்கள். வருஷக்கணக்கில் ரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தால் அந்தக் குழாய்களும் கெடுகின்றன. இழைகளும் நேரடியாகவே நொடிகின்றன. மிக நீண்ட இழைகள்தான் முதலில் தளரும். அதனால்தான் மரமரப்பு கால்விரலில் தொடங்கி, காலுறை அணிந்ததுபோல் மேலே ஏறுகிறது.

வயர் எங்கே கட்டானது என்று கேட்ட அப்பாவுக்கு இதுதான் பதில். கட்டாகவில்லை. கடைசி மண்டபங்களுக்குச் சோறு போய்ச் சேரவில்லை.

சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் இருக்கும் இழைகளைக் காக்கலாம். போனவை திரும்புவது அரிது. சேதி வராத இடத்துக்கு நாமேதான் போய்ப் பார்க்க வேண்டும். இந்தத் தொடரைப் படிக்கும் சர்க்கரைக்காரர்கள் யாராயினும், இன்றிரவு தூங்கும் முன் உங்கள் உள்ளங்காலை ஒருமுறை பாருங்கள். விரலிடுக்கில் விரித்துப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள். முள்ளோ கொப்புளமோ வெடிப்போ உங்களிடம் சொல்லாமலே அங்கே இருக்கலாம்.

வேலையில் இருந்த காலத்தில் அப்பா லைன் பார்க்கப் போவார். காற்றும் மழையும் அடித்து ஓய்ந்த மறுநாள் காலை, கையில் கம்போடு, கம்பம் கம்பமாக அண்ணாந்து பார்த்தபடி வயற்காடு முழுக்க நடப்பார். இப்போது இரவுச் சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் உட்காருகிறார். அம்மா டார்ச்சை அடிக்கிறாள். ஒவ்வொரு விரலாகப் பிரித்து, குதிகாலைத் திருப்பி, நிதானமாகப் பார்க்கிறார். முடித்துவிட்டு உள்ளே இருக்கும் எனக்குக் கேட்கும்படி குரல் கொடுக்கிறார்.

"ஏல, லைன் பாத்தாச்சு."

*அடுத்த வாரம்: கடைசி மணி அடித்த பிறகு சேதி ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்கு எப்படித் தாவுகிறது? இரண்டு தவளை இதயங்களும், ஓட்டோ லோவி கண்ட ஒரு கனவும்.*

(தொடரும்)